குடைக்கம்பியில் செய்த நகை

நான் மட்டக்களப்புக்குப் போனது ஐந்து நகைகளைச் சென்னைக்குக் கொண்டுவருவதற்காக. ஒன்றையும் கொண்டுவரவில்லை. அதற்கான காரணத்தை அப்போது நண்பர்களிடம் மழுப்பினேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் நாங்கள் நான்கு பேர் நகை செய்துகொண்டிருந்தோம். நாங்கள் பரம்பரைத் தட்டார்கள் அல்ல. ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள். பித்தளை, தாமிரம், சணல், உடைந்த கண்ணாடி, சைக்கிள் செயின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழுத்துக்கும் காதுக்கும் ஏற்றினோம். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து ஆயிரக்கணக்கான தட்டார்கள் ஊதுகுழலைக் கீழே வைத்த காலத்தில், பொன்னில்லாத நகைதான் இனி கலை என்று நாங்கள் கண்காட்சி வைத்தோம். அவர்களுடைய நஷ்டம் எங்களுக்குக் கொள்கையாக அமைந்தது. அதை யாரும் எங்களிடம் எடுத்துச் சொல்லவில்லை. நாங்களாகவும் நினைத்துப் பார்க்கவில்லை.

எனக்கென்று ஒரு கட்சி இருந்தது. நகை அணிந்தவரைச் சும்மா விடக் கூடாது, கொஞ்சமாவது உறுத்த வேண்டும் என்பது. விரலை மடக்க முடியாத மோதிரம் செய்தேன். தலையைத் திருப்பினால் தோளில் இடிக்கும் தோடு செய்தேன். அப்போதுதான் அழகென்று மறந்துவிடாமல், "நான் ஏன் இதை அணிந்திருக்கிறேன்?" என்று ஒருத்தி யோசிப்பாள் என்று மேடையில் பேசினேன். கைதட்டினார்கள்.

மட்டக்களப்பிலிருந்து ரெஜினா என்ற சித்திர ஆசிரியையின் கடிதம் வந்தது அந்தப் பேச்சு ஒரு பத்திரிகையில் வெளியான பிறகுதான். கூடவே ஐந்து புகைப்படங்கள். அவர் ஊர்ப்பக்கம் வாவியில் ஒரு வள்ளம் கவிழ்ந்து ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் உடலோடும் வள்ளத்தோடும் கரைக்கு வந்த பொருள்களைக் கொண்டு, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஒவ்வொருவருக்கும் ஒரு நகை செய்திருந்தார். குடும்பத்தில் ஒருவர் அணிவதற்காக. "இதில் துருவும் சேறும் இருக்கிறது. கழுவி மெருகு பூசுவதா, இப்படியே விடுவதா? உங்கள் கருத்தை அறிய ஆவல்" என்று கேட்டிருந்தார்.

நான் உடனே பதில் எழுதினேன். "கழுவாதீர்கள். சேறுதான் உங்கள் படைப்பின் உயிர். கூர்முனைகளையும் மழுக்காதீர்கள்." எழுதும்போது எவ்வளவு நிச்சயமாக இருந்தேன் என்பது நினைவிருக்கிறது.

ஐந்தையும் எங்கள் அடுத்த கண்காட்சியில் வைக்க அனுமதி கேட்டு, எடுத்துவர நானே கிளம்பினேன். மட்டக்களப்பு ரயிலில் என் எதிரே இருந்தவர் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை பார்ப்பவர். தை மாதம்; மழை இன்னும் விடவில்லை. காட்டுக்கு நடுவே ரயில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. கார்டு சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். எதிரே இருந்தவர் எனக்காகத் தமிழில் சொன்னார்: "மூண்டு எருமை அடிபட்டுட்டுதாம். இழுத்துப் போட்டாத்தான் கோச்சி போகுமாம்."

அவர் தன் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பாணும் தேங்காய்ச் சம்பலும் தந்தார். பாணை எங்கள் ஊரில் ரொட்டி என்போம்; காய்ச்சல்காரர்தான் சாப்பிடுவார். இங்கே அதைச் சம்பலில் தோய்த்து, கண்ணில் நீர் வர, பசி தீரச் சாப்பிடுகிறார்கள். நானும் சாப்பிட்டேன். அவர் பார்வை என் கழுத்திலேயே இருந்தது. நானே செய்த பித்தளைத் தகட்டு மாலை அது. ஒன்பது தகடுகள், ஓரங்களை அராவாமல் விட்டது.

"குறை நினைக்காதீங்க, தங்கச்சி. இது என்னகா, ஏதும் நேத்திக்கடனா?"

"இல்லை. நகை."

"குத்தாதா?"

"கொஞ்சம் குத்தணும். அதுக்குத்தான் அப்படிச் செய்தேன்."

அவர் மிச்சமிருந்த சம்பலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரயில் நகர்ந்தபோது பாதையோரம் எருமைகள் கிடந்தன. ஒன்றின் வயிறு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மட்டக்களப்பு நிலையத்தில் ரெஜினா ஒரு பெரிய கறுப்புக் குடையோடு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்பு நூலில் சிறிய சிலுவை. கடிதங்களில் பக்கம் பக்கமாகப் பேசியவர் நேரில் பத்து வார்த்தை பேசவில்லை. வீட்டில் பிட்டும் இறால் குழம்பும் வைத்தார். "திண்ணுங்க. களைச்சு வந்திருக்கிறீங்க." நான் கண்காட்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். ஐந்தையும் எந்தச் சுவரில், என்ன வெளிச்சத்தில் வைப்பது என்பது வரை சொன்னேன். அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தட்டில் பிட்டு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை பட்டறைக்குக் கூட்டிப்போனார். வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சின்னக் கரி அடுப்பு, கம்பியச்சு, அரங்கள், ஒரு சிறுவாள். எங்கள் கல்லூரியின் உலோகப் பிரிவில் இருப்பதில் பாதிகூட இல்லை. ஒரு பிஸ்கட் தகரத்தைத் திறந்து, பழைய துணியை விரித்து, கண்காட்சிக்காக வீடுகளிலிருந்து திரும்ப வாங்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான்குதான் இருந்தன.

வெற்றிலைப் பெட்டியின் மூடியை வெட்டிச் செய்த அகலமான மோதிரம். கலியாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண்ணின் வளையல் துண்டுகளை ஈயப் பட்டையில் பதித்த கைக்காப்பு. தூக்கினால் கை தாழ்ந்தது. பெட்டகச் சாவியை இரண்டாக மடித்த பதக்கம். ஒரு சட்டையின் ஆறு பொத்தான்களைத் தூண்டில் நரம்பில் கோத்த மாலை.

புகைப்படத்தில் பார்த்ததைவிட நன்றாக இருந்தன. நன்றாக என்ற சொல் போதாது. நாங்கள் நான்கு பேரும் சென்னையில் செய்துகொண்டிருந்தது விளையாட்டு என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது.

"இந்த யோசனை எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

அப்போதுதான் வாயைத் திறந்தார். "பெரிய யோசனை ஒண்டுமில்ல. பெரிய புள்ளையாகினா நகை. கலியாணத்துக்கு நகை. புள்ளை பிறந்தா அதுக்கும் நகை. செத்தவீட்டில மட்டும் கழட்டு, கழட்டு எண்டுறாங்க. புருசன் செத்த அண்டைக்கு ஒரு பொம்புளைக்கு இரிக்கிறதையெல்லாம் புடுங்கிப்போட்டு வெறுங்கழுத்தோட இருத்தி வைக்கிறாங்க. சாவுக்கெண்டு போடுறதுக்கு ஒரு நகை இரிந்தா என்ன எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

"ஐந்தாவது? குடைக்கம்பி?"

அந்தப் படம்தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. வாவிக்கு அக்கரையில் வயல் பார்க்கப் போய் மூழ்கிய ஒருவரின் குடை. அதன் கம்பிகளில் மூன்றை வளைத்து, மூடிய கைவிரல்கள் போல மார்பில் குத்திக்கொள்ளும் ஒரு ஊக்குச் செய்திருந்தார் ரெஜினா. கம்பி கூடும் இடத்தில் வாவிச் சேறு கறுப்பாகக் காய்ந்திருக்கும். ஒரு கம்பியின் முனைதான் சேலையில் குத்தும் ஊசி.

"அதப் போட்டிருந்தவ ஆஸ்பத்திரியில" என்றார் ரெஜினா. "பூரணம் எண்டு பேர். ஏற்புவலி."

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் ஊரில் ரணஜன்னி, டெட்டனஸ் என்போம்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். வாவி தெருவின் விளிம்பு வரை ஏறியிருந்தது. முகத்துவாரத்தை வெட்டி விட்டால் தண்ணீர் கடலுக்கு வடியும் என்று கடை வாசல்களில் பேசிக்கொண்டு நின்றார்கள்.

பூரணத்தைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். ஜன்னலில் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் வலிப்பு வரும் என்று தாதி சொன்னார். அங்கே தாதியை மிஸி என்கிறார்கள். "செருப்பைக் கழட்டுங்க. ஒண்டும் கதைக்காதீங்க. பாத்திட்டு வந்திருங்க."

அறைக்குள் முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்லக் கட்டில் தெரிந்தது. இருபத்தெட்டு வயது இருக்கும். பல் இறுகிக் கிட்டியிருந்தது. உதடு இரு பக்கமும் இழுபட்டு, சிரிப்பது போன்ற ஒரு தோற்றம். ஆனால் கண்கள் விழித்திருந்தன. எல்லாம் தெரிந்த கண்கள். அந்த நோயில் நினைவு தப்புவதில்லை என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

இன்னும் நன்றாகப் பார்க்கக் குனிந்தேன். என் கழுத்திலிருந்த பித்தளைத் தகடுகள் ஒன்றோடொன்று உரசின.

சின்னச் சத்தம்தான். பூரணத்தின் முதுகு வில்லாக வளைந்து எழும்பியது. குதிகாலும் பின்தலையும் மட்டும் கட்டிலில் பட்டன. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். மிஸி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். ரெஜினா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் மாலையை இரு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன், அது மறுபடி சத்தம் போட்டுவிடக் கூடாதென்று.

வராந்தாவில் தரையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது. வெள்ளைச் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பூரணத்தின் மாமியார், கனகம்மா. வள்ளத்தில் செத்தவர் அவருடைய ஒரே மகன்.

"இவதானா டீச்சர் அந்த இந்தியாக்காரி?"

ரெஜினா தலையாட்டினார்.

"சேத்தைக் கழுவ வேணாம் எண்டு கடிதம் எழுதினது நீதானா, மகள்?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் விவரம் கேட்கிற குரலில் கேட்டார். என் கடிதத்தை ரெஜினா ஐந்து வீட்டிலும் வாசித்துக் காட்டியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய கலைஞர் எழுதியது என்று பெருமையோடு.

"நான்தான், அம்மா."

"ஏனாம்?"

அந்த ஏனாமுக்கு என்னிடம் ஒரு மணி நேரப் பேச்சு இருந்தது. மாலையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

டாக்டர் தமிழர், இளைஞர். நேராகச் சொன்னார்: "துரு மட்டும் காரணமில்லை. அதில ஒட்டியிருந்த சேத்திலதான் கிருமி. ஆழமாக் குத்தியிருக்கு. நாள்கணக்கா வெளியில சொல்லேல்ல. பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம்." மருந்து கொடுத்து, இருட்டில் வைத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

அன்று மதியம் ரெஜினா சோறு போட்டார், எருமைத் தயிரோடு. கத்தியால் வெட்டி எடுக்கலாம் போன்ற தயிர். ஊரெல்லாம் புகழ்கிற அந்தத் தயிரைப் பற்றி எழுத எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது: பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மூன்றாம் நாள் கனகம்மா தன் ஊரான பெரியகல்லாற்றுக்குப் புறப்பட்டார். மருமகளுக்கு மாற்றுத் துணி எடுத்துவர வேண்டும். துணைக்கு நான் போகிறேன் என்றேன். அவர் பஸ்ஸில் ஏறிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்.

பாதி வழியில் ரோட்டின் மேல் வெள்ளம். பஸ் தண்ணீருக்குள் போய் இருமி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். நகரவில்லை. எல்லோரும் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்தோம். ஒரு மீன்காரர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார். "அம்மா, அங்கால பள்ளம், இஞ்சால வாங்க" என்று யாரோ எனக்குச் சொன்னார்கள். கனகம்மா என் கையைப் பிடித்தார். கரையேறும் வரை விடவில்லை. சென்னையில் மழை பெய்தால் ரிக்ஷா தேடுவோம். இங்கே கையைத் தேடுகிறார்கள்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்தது ஊர். அவர் வீடு இரண்டு அறை, ஓலைக் கூரை. மூலையில் உப்புப் படிந்த வலை. பூரணத்தின் பெட்டியைத் திறந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவர், எனக்கு முதுகைக் காட்டியபடியே சொல்ல ஆரம்பித்தார்.

"டீச்சர் அதக் குடுத்த நாளையில இரிந்து அவள் அதக் கழட்டல்ல. சட்டைக்கு வெளியில, எல்லாரும் பாக்கக் குத்திக்கொண்டு திரிஞ்சாள். சனம் கதைக்கத் துவங்கிற்று. புருசன் செத்து வருசம் திரும்பல்ல, மினுக்கிக்கொண்டு திரியிறாள், யாருக்காம் எண்டு. கிணத்தடியில என்ர காதுபடக் கேட்டாளுகள். நான் வந்து சொன்னன், போடாத, கழட்டு எண்டு. மாட்டன் எண்டாள். ரெண்டு நாள் சோறு திண்ணல்ல. மறுகா நான்தான் சொன்னன், போடுறதெண்டா உள்ளுக்குப் போடு, ஒருத்தர் கண்ணிலயும் படாம எண்டு."

துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார்.

"உள்ளுக்குப் போட்டாள். நெஞ்சில குத்தியிரிக்கு. வெளியில சொன்னா அதையும் கழட்டச் சொல்லுவன் எண்டு பயத்தில சொல்லல்ல. வாய் திறக்க ஏலாமப் போனப்புறகுதான் சட்டையக் கழட்டிப் பாத்தன்."

கூர்முனையை மழுக்காதே என்றவள் நான். சேற்றை விட்டவர் ரெஜினா. உள்ளே போடு என்றவர் அவர். எங்கள் மூவரில் யாருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தீங்கு நினைக்க ஒரு காரணமும் இல்லை.

"அந்த நகை இப்போ எங்கே, அம்மா?"

"ஆத்துக்குள்ள எறிஞ்சிட்டன். பாலத்தில நிண்டு." பெட்டியை மூடினார். "அவள் ஒழும்பி வந்து கேட்டா என்னத்தக் குடுக்கிற எண்டு இப்ப யோசிக்கிறன்" என்றார்.

கூரைக் கம்பில் செருகியிருந்த ஒன்றை எடுத்தார். குடையின் மிச்சம். துணியும் இல்லை, கம்பியும் இல்லை. தண்டும், வளைந்த மரக் கைப்பிடியும்தான். வளைவில் உள்ளங்கை பட்டுப் பட்டு மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"நீயும் நகை செய்யிறவதானே. இதில ஒண்டு செய்யேலுமா? குத்தாத மாதிரி."

முடியும் என்றேன். எதையாவது செய்ய முடியும் என்பதே அப்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் உடனே செய்யவில்லை. பூரணம் பிழைப்பாளா என்பதே தெரியாமல் எட்டு நாள் போயிற்று. நான் என் பயணத்தைத் தள்ளிப்போட்டேன். தினமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கனகம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அறைக்குள் போகவில்லை. சமையலறைப் பக்கம் பாத்திரம் விழுந்தால் நாங்கள் இருவரும் ஒன்றாகத் திடுக்கிட்டு அந்தக் கதவைப் பார்ப்போம். ஒருநாள் காலையில் அவர் பிளேன்டீயைப் பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

ரெஜினா அந்த நாள்களில் பிஸ்கட் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்தார். "நாலையும் திருப்பிக் குடுத்திட்டன். சுடுதண்ணியில அவிச்சு, முனையெல்லாம் அராவிக் குடுத்தன். சாவி குடுத்த வீட்டில அந்தப் பொம்புள கையில வாங்கிப் பாத்துப்போட்டு, 'இப்ப இது வெறும் இரும்பு, டீச்சர்' எண்டு சொன்னா. ஆனா வாங்கிற்றா." கண்காட்சியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் வலிப்பு குறைந்தது. பத்தாம் நாள் தேக்கரண்டியில் கஞ்சி உள்ளே போயிற்று. "தப்பிற்றா" என்றார் மிஸி. கனகம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்தார். இருவரும் அழவில்லை. அழுதால் சத்தம் கேட்டுவிடும் என்று அத்தனை நாளாகப் பழகியிருந்தோம்.

இனி நான் கிளம்பியாக வேண்டும். மறுநாள் மாலை ரயில். அன்று மதியம் ரெஜினாவின் பட்டறையில் குடைக் கைப்பிடியைப் பிடிகருவியில் இறுக்கினேன்.

"அவள்கிட்டக் கேட்டிட்டு வெட்டினா என்ன?" என்றார் ரெஜினா, வாசலில் நின்றபடி.

"அவளால் இன்னும் பேச முடியாதே. மாமியார்தான் கொடுத்தார். நாளைக்கு நான் போய்விடுவேன்."

"நான் அஞ்சு வீட்டிலயும் கேட்டுத்தான் செஞ்சன். கேட்டே இப்பிடி."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வெட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. உள்ளங்கை தேய்த்த இடத்தை மட்டும் பாக்களவு துண்டாக அறுத்து எடுத்தேன். அறுத்த முகங்களை உருட்டி, அரத்தாலும் மணல் தாளாலும் மினுக்கி, கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். எங்கும் உறுத்தவில்லை. துளையிட்டுத் தேங்காயெண்ணெய் பூசி, கறுப்புப் பருத்தி நூலில் கோத்தேன். சட்டைக்குள்ளே தொங்கும்; யாருக்கும் தெரியாது; தொட்டால் அவர் கை பட்ட இடம் இருக்கும். மேசையைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் படுத்தேன். அந்த ஊருக்கு வந்த பிறகு நான் நன்றாகத் தூங்கியது அன்றுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கறுப்புத் துணியைப் பாதி விலக்கியிருந்தார்கள். பூரணம் தலையணையில் சாய்ந்திருந்தாள். தாடை இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. பல்லுக்கு நடுவேதான் பேச்சு வந்தது.

கனகம்மா அவள் கையில் வைத்தார். "இந்தா புள்ள. அந்தக் குடையிலதான் செஞ்சிரிக்கு. இந்த அக்கா செஞ்சது. குத்தாது."

பூரணம் அதை விரலால் உருட்டிப் பார்த்தாள். உள்ளங்கையில் வைத்து மூடினாள். என் நெஞ்சு நிறைந்தது. பிறகு கையைத் திறந்து மறுபடி பார்த்தாள்.

"இது கைப்பிடியா?"

"ஆமாம்மா" என்றேன்.

"கைப்பிடிய வெட்டிப்போட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"கம்பிய டீச்சர் கேட்டவ, குடுத்தன். கைப்பிடிய நான் குடுக்கல்ல, அக்கா. அது அவர் புடிச்சது. ஒவ்வொரு நாளும் அதப் புடிச்சுக்கொண்டுதான் படுக்கிற நான்." மூச்சு வாங்கினாள். மாமியாரைப் பார்த்தாள். கனகம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை என்பதை அந்த முகத்தில் கண்டேன்.

"மிச்சம் இரிக்கா?"

இருக்கிறது என்று சொல்லி ஓடினேன். மழையில் ரெஜினா வீட்டுக்கு ஓடி, தண்டையும் கைப்பிடியின் மீதித் துண்டையும் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். வழியில் செருப்பு அறுந்தது. விட்டுவிட்டு வந்தேன்.

பூரணம் நூலை உருவினாள். துண்டை அது இருந்த இடத்தில் வைத்தாள். பொருந்தவில்லை. திருப்பி வைத்தாள். பொருந்தவில்லை. நான் அவ்வளவு அக்கறையாக உருட்டி மினுக்கிய முகங்கள் ஒன்றையொன்று தொடாமல் வழுக்கின.

"ஏன் சேருதில்ல?"

"அறுக்கும்போது வாள் கொஞ்சம் தின்றுவிடும். ராவும்போது இன்னும் கொஞ்சம் போகும்."

"எவ்வளவு?"

"ஒரு நெல்லளவு. அதற்குக் கொஞ்சம் கூட இருக்கும்."

"அந்தத் தூள் இரிக்கா, அக்கா?"

பொன்னாக இருந்தால் மடியில் தோலை விரித்துக்கொண்டு ராவியிருப்பேன். ஒரு பொடி கீழே விழவிடாமல் இறகால் கூட்டி எடுத்து வைத்திருப்பேன். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது அதைத்தான். இது மரம்தானே என்று நான் துடைப்பத்தால் பெருக்கிக் கதவுக்கு வெளியே மழையில் தள்ளியிருந்தேன்.

"இல்லை" என்றேன்.

அவள் எல்லாத் துண்டுகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து மார்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கனகம்மா என் முதுகில் கை வைத்து வாசல் வரை கூட்டிவந்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளினார்.

"வெளிக்கிடு, மகள். கோச்சிக்கு நேரமாகுது."